டிஸ்க் கெட்டுப்போச்சு அக்கா

கேரள எல்லையில், பாறசாலையில் என் கடைக்கு வருகிறவர்களில் பாதிப் பேருக்கு இரண்டு மாநிலத்துக் காகிதமும் வேண்டியிருக்கும். பிறந்தது அந்தப் பக்கம், கட்டிக் கொடுத்தது இந்தப் பக்கம், பிள்ளை படிப்பது மறுபடியும் அந்தப் பக்கம். இவர்களுக்கு ஆன்லைனில் விண்ணப்பம் போட்டுக் கொடுப்பதுதான் என் பிழைப்பு. ஸ்கேன் செய்த காகிதங்களை நான் அழிப்பதில்லை. அடுத்த தடவை வரும்போது, "ஒங்ககிட்ட உண்டுல்லா?" என்று கை வீசிக்கொண்டு வருவார்கள். உண்டு என்று சொல்வதில் எனக்குக் கொஞ்சம் பெருமை இருந்தது.

கம்ப்யூட்டரின் டிஸ்க்கை மூன்றாகப் பிரித்து வைத்திருந்தேன். ஒன்றில் விண்டோஸ், ஒன்றில் கேரளத்துக் காகிதம், ஒன்றில் தமிழ்நாட்டுக் காகிதம். மூன்றும் ஒரே அளவு. எந்தப் பக்கத்துக்கும் ஓரவஞ்சனை கூடாது என்று விளையாட்டாகச் செய்தது. மூன்றுக்கும் தமிழில் பெயர் எழுதியிருந்தேன். இதெல்லாம் பின்னால் எனக்கே வினையாக வரும் என்று யார் கண்டது.

இரண்டு வருடம் முன்பு விண்டோஸின் புதிய பதிப்பு வந்தது. நானும் சும்மா இருக்காமல் ஏற்றிக்கொண்டேன். என் பழைய ஸ்கேனர் அதோடு ஒத்துப்போக மறுத்தது. வேண்டாமென்றால் பழையதற்கே திரும்பிப் போகப் பத்து நாள் அவகாசம் உண்டு. அந்தப் பத்து நாளையும் ஸ்கேனரைத் திட்டியே கழித்தேன். பிறகு ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம், சாப்பிடக்கூடப் போகாமல், பழைய விண்டோஸை பென்டிரைவில் போட்டு எடுத்து உட்கார்ந்தேன்.

எதன் மேல் ஏற்ற வேண்டும் என்று அது கேட்டது. திரையில் மூன்று சம பாகங்கள். நான் எழுதிய தமிழ்ப் பெயர்கள் இருந்த இடத்தில் வெறும் கட்டங்கள், அதற்குத் தமிழ் எழுத்து தெரியவில்லை. புத்தியுள்ளவன் அங்கே நிறுத்தியிருப்பான். எனக்குப் பசி, எரிச்சல், வெளியே இரண்டு பேர் காத்திருந்தார்கள். முதலாவதுதான் விண்டோஸ் என்று நினைத்து அதை அழித்து, அதன் மேல் ஏற்றச் சொன்னேன். முன்பு ஒரு தடவை டிஸ்க் மாற்றியபோது வரிசையை நானே மாற்றி வைத்தது ஞாபகத்தில் இல்லை. எதற்கென்று தெரியாமல் கிடந்த ஒரு சின்னப் பகுதியையும் குப்பை என்று அழித்தேன். கம்ப்யூட்டர் எழுந்திருப்பதே அதை வைத்துத்தான். பாதி ஏறும்போது கரண்ட் போனது. வந்த பிறகு, பூட் செய்ய டிஸ்க் எதுவும் இல்லை என்ற ஒரு வரி மட்டும் கறுப்புத் திரையில் நின்றது.

நெய்யாற்றின்கரையில் கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் ஒரு நண்பனைக் கூப்பிட்டேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவன் சொன்னான்: "அண்ணே, இனி ஒண்ணும் செய்யண்டாம். அதுக்க மேல எழுத எழுத உள்ளதும் போவும். கரண்ட் போனது ஒங்க பாக்கியமாக்கும். மொதல்ல ஃபைல எடுங்க, பொறவு பூட் ஆவுறத சரி பண்ணுவோம்."

வரிசையை மாற்றியது அப்போதுதான் ஞாபகம் வந்தது. அழிந்தது தமிழ்நாடு.

மறுநாள் காலையிலேயே ஒரு அக்கா வந்தார். இந்தப் பக்கம் குளத்தூர் கடற்கரையில் வீடு, கணவர் கடலுக்குப் போகிறவர். அக்கா பிறந்து படித்தது தமிழ்நாட்டுக் கரையில். "தம்பி, எனக்க டி.சி. ஒரு காப்பி எடுத்துத் தா. திங்களாழ்ச்ச வில்லேஜ் ஆபீசுல குடுக்கணும். மவளுக்க நர்சிங் சீட்டுக்காக்கும்."

அவர் பிறந்த ஊருக்கும் சாதிக்கும் அந்தப் பள்ளிக்கூடத்துச் சான்றிதழ் ஒன்றுதான் ஆதாரம். கடல் வீட்டுக்குள் ஏறிய வருடம் அசல் போய்விட்டது. மறுபடி வாங்கப் பள்ளிக்கூடத்துக்குப் போனால், பழைய ரெஜிஸ்டரைத் தேட மூன்று வாரமாகும் என்றார்களாம். மிச்சமிருந்தது என்னிடம் இருந்த ஸ்கேன் மட்டும். திங்கட்கிழமை கொடுக்காவிட்டால் மகளின் சீட் வேறு யாருக்காவது போகும்.

"டிஸ்க் கெட்டுப்போச்சு அக்கா. பழசுல்லா" என்றேன். வாய் கூசவில்லை. அதுதான் இன்றைக்கும் உறுத்துகிறது.

அவர் கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "நீ பாவம் தம்பி. ஒனக்க சோலியும் முடங்கிப் போச்சே" என்றார். தேடிப் பார்க்கிறேன், ஞாயிற்றுக்கிழமை வாருங்கள் என்று சொல்லி அனுப்பினேன்.

டிஸ்க்கைக் கழற்றி மனைவியின் லேப்டாப்பில் மாட்டி, அழிந்ததைத் தேடி எடுக்கும் மென்பொருளை ஓடவிட்டேன். சனிக்கிழமை முழுக்க ஓடியது. கிடைத்ததெல்லாம் புது டிஸ்க் ஒன்றில் வந்து விழுந்தது. ஆனால் ஒரு ஃபைலுக்கும் பெயர் இல்லை, நம்பர்தான். ஆயிரக்கணக்கில் இருந்தன. ஒவ்வொன்றாகத் திறந்து பார்ப்பதைத் தவிர வழியில்லை.

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்து அக்கா நேராகக் கடைக்கு வந்தார். கையிலிருந்த பொட்டலத்தில் பழம்பொரி, வாழைப்பழ பஜ்ஜி, இருந்தது. பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "மேல் மூலை மடிஞ்சிருக்கும். அதுல நீல மை கொட்டிக் கெடக்கும். நான் பள்ளிக்கூடத்துல வச்சே கொட்டுனது" என்றார்.

ரேஷன் கார்டு, பட்டா, கல்யாணப் பத்திரிகை, பாஸ்போர்ட் போட்டோ. மாட்டின் காது வளையத்தைக்கூட எவனோ ஸ்கேன் செய்யச் சொல்லியிருக்கிறான். நடுநடுவே ஒரு முகம் வரும்போது, "இவரு செத்துட்டாரு" என்பார் அக்கா. சில படங்கள் பாதி திறந்து மீதி சாம்பல் நிறமாக நின்றன. அப்படி ஒன்று வரும்போதெல்லாம் என் நெற்றியில் நானே அடித்துக்கொண்டேன். "ஒனக்கெல்லாம் எதுக்குடே கம்ப்யூட்டர்" என்று முனகினேன். கழுத்து வலித்தது, கண் எரிந்தது. எழுந்து வீட்டுக்குப் போய்ப் படுத்துவிடலாம் என்று பத்து தடவையாவது தோன்றியது. பக்கத்தில் அவர் கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

மூன்று மணி சுமாருக்கு என் கையைப் பிடித்தார். "இந்தா, மை."

கீழ்ப்பகுதி சாம்பலாகிவிட்டிருந்தது. தலைமையாசிரியர் கையெழுத்து இல்லை, முத்திரையில் பாதி இல்லை. பெயர், பிறந்த தேதி, ஊர், சாதி எல்லாம் தெளிவாக இருந்தன. பிரின்ட் எடுத்துக் கொடுத்தேன். இதை ஏற்றுக்கொள்வார்களா என்று எனக்குத் தெரியாது, அவர் அதை மடிக்காமல் பைக்குள் வைத்துக்கொண்டார்.

திங்கட்கிழமை காலை டிஸ்க்கைக் கடைக் கம்ப்யூட்டரில் திரும்ப மாட்டி, நண்பன் போனில் சொல்லச் சொல்ல, அந்தச் சின்னப் பகுதியைத் திரும்ப உருவாக்கி, பூட் ஃபைல்களைக் கமாண்ட் அடித்து எழுதினேன். இரண்டு தடவை தப்பு வந்தது. மூன்றாவது தடவை, நான் வேண்டாமென்று ஓடிவந்த அதே புதிய விண்டோஸ் ஒன்றும் நடக்காதது போல எழுந்து நின்றது. சந்தோஷம் ஒன்றும் வரவில்லை. ஸ்டூலில் உட்கார்ந்து வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

மத்தியானம் அக்கா வந்தார். "வாங்கிட்டாவ. அசலு ஒரு மாசத்துக்குள்ள கொண்டு வரணுமாம்" என்றார்.

அதற்கு மேல் என்னால் முடியவில்லை. "அக்கா, டிஸ்க் தானா கெடல. நான்தான் கெடுத்தேன்."

"தெரியும்."

"எப்படி?"

"மிசின் கெட்டா மனுசன் மிசினத் திட்டுவான். நீ நேத்து பூராவும் ஒன்னத்தானே மக்கா திட்டிட்டிருந்த."

எனக்கு அழுகை வந்துவிட்டது. திரையைப் பார்க்கிற மாதிரி திரும்பிக்கொண்டேன். அவர் அதைக் கவனிக்காத மாதிரி, வில்லேஜ் ஆபீசில் வாங்கி வந்த ரசீதை மேஜையில் வைத்தார்.

"இதையும் அதுலயே போட்டு வை. டி.சி.க்கு எனக்க பேரு எழுது, நம்பரு வேண்டாம்" என்றார்.