நான் போட்ட கமெண்ட் போய்ச் சேர்ந்த இடம்

போன வருடம் ஆடி மாதக் கடைசியில், மந்தைவெளி பறக்கும் ரயில் நிலையத்தில் நடந்தது இது. எழுத உட்கார்ந்து மூன்று முறை எழுந்து போய்விட்டேன். 

எனக்கு நாற்பத்தெட்டு வயது. ராயப்பேட்டையில் ஒரு பள்ளி அலுவலகத்தில் வேலை. கணவர் மாதத்தில் பாதி நாள் வெளியூரில் இருப்பார். ஒரே மகள், அடையாறில் கல்லூரி இரண்டாம் ஆண்டு. கஸ்தூர்பா நகரில் ரயில் ஏறி மந்தைவெளியில் இறங்கி, ஐந்தே முக்காலுக்கெல்லாம் வீட்டுக்கு வந்துவிடுவாள்.

நடந்ததைச் சொல்வதற்கு முன் என் பழக்கம் ஒன்றை ஒப்புக்கொண்டாக வேண்டும். எனக்குப் பிடித்த ஒரு தொலைக்காட்சித் தொடர் பாதியில் நின்றுபோனது. அதே நாயகன் நாயகியை வைத்து ரசிகைகளே கைபேசிச் செயலி ஒன்றில் கதையைத் தொடர்ந்து எழுதுகிறார்கள். ஃபேன் ஃபிக்‌ஷன் என்று பெயர். எதை எழுதினாலும் கடைசியில் ஒரே இடத்துக்குத்தான் வருவார்கள். அவள் வேண்டாம் என்பாள். அவன் விடமாட்டான். பேருந்து நிறுத்தத்தில் நிற்பான், மழையில் நிற்பான், அவள் வீட்டு வாசலில் நிற்பான். நாற்பதாவது அத்தியாயத்தில் அவள் மனசு இறங்கும். இதைத் திட்டாத ஆள் இல்லை. கதைக்குக் கீழேயே வந்து திட்டுவார்கள். எனக்கு அந்த இடம்தான் பிடிக்கும். பேருந்தில் போகும்போது அதைப் படித்துக்கொண்டு, இறங்க வேண்டிய நிறுத்தத்தைத் தவற விட்டிருக்கிறேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் பீன்ஸ் நறுக்கியபடியே கைபேசியை டப்பாவில் சாய்த்து வைத்துப் படித்துக்கொண்டிருந்தேன். மகள் பக்கத்தில் வந்து நின்றாள். ஸ்டேஷனில் ஒருவன் தினமும் நிற்கிறான், அவள் ஏறும் ரயிலிலேயே ஏறி மந்தைவெளியில் இறங்குகிறான், பேசமாட்டேன் என்று சொல்லியும் போகவில்லை என்றாள். நான் தலையைக்கூட நிமிர்த்தவில்லை.

"ஆள் எப்படி இருப்பான்? பார்க்க நல்லா இருப்பானா?" என்று கேட்டுச் சிரித்தேன்.

டப்பாவில் சாய்ந்திருந்த கைபேசியைப் பார்த்தாள். பிறகு, "ஒண்ணும் இல்லம்மா, விடு" என்று உள்ளே போய்விட்டாள். நானும் விட்டுவிட்டேன்.

இரண்டு நாள் கழித்து, ஒரு அத்தியாயத்தின் கீழே யாரோ ஒரு பெண், இவனையெல்லாம் போலீஸில் பிடித்துக் கொடுக்க வேண்டும் என்று எழுதியிருந்தாள். எனக்குக் கோபம் வந்துவிட்டது. புனைபெயரில் பதில் போட்டேன். வேண்டாம் என்று சொன்ன பிறகும் தினமும் வந்து நிற்கிறானே, அந்தப் பொறுமை எத்தனை பேருக்கு வரும், அதற்கு ஒரு பெண் இறங்கி வந்தால் என்ன தப்பு என்று. ஏகப்பட்ட பேர் இதயம் போட்டார்கள். அன்று முழுக்க எனக்கு ஒரே பெருமை.

அடுத்த வாரம் வியாழக்கிழமை. ஆறு மணி ஆகியும் மகள் வரவில்லை. கைபேசி அணைந்திருந்தது. ஆறேகாலுக்கும் அதே. அவள் தோழியை அழைத்தேன், எப்போதும் போகும் ரயிலில்தான் ஏறினாள் என்றாள். அப்போதுதான் அந்த ஞாயிற்றுக்கிழமை நினைவுக்கு வந்தது. அடுப்பை அணைத்தேனா என்றுகூடத் தெரியாமல் செருப்பை மாட்டிக்கொண்டு ஓடினேன்.

நிலையத்தின் படிகளுக்குக் கீழே ஒரு பையன் பைக்கில் உட்கார்ந்திருந்தான். இஸ்திரி போட்ட நீலச் சட்டை, படிய வாரிய தலை. அடையாறு பக்கமிருந்து ரயில் வந்துவிட்டதா என்று அவனிடம்தான் கேட்டேன். "இப்பதான் போச்சு ஆன்ட்டி" என்று மரியாதையாகச் சொன்னான்.

மேலே அந்தப் பெரிய கூடம் காலியாகக் கிடந்தது. நான் கூப்பிட்ட என் மகளின் பெயர் எனக்கே திரும்பி வந்தது. தூணோரம் பெருக்கிக்கொண்டிருந்த பெண் துடைப்பத்தை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். என் வயதுதான் இருக்கும். நிலையத்தைச் சுத்தம் செய்கிறவர்கள் போடும் மேல்சட்டையைச் சேலைக்கு மேல் போட்டிருந்தாள்.

"நீதான் அதோட அம்மாவா? பொண்ணு உள்ள கீது. பதறாத."

துடைப்பமும் வாளியும் அடுக்கிய சின்ன அறை. பினாயில் வாசனை. கவிழ்த்த வாளி ஒன்றின் மேல் மகள் உட்கார்ந்திருந்தாள். ஓடிப்போய் அவள் தோளைப் பிடித்துக்கொண்டேன்.

அந்தப் பெண் சொல்லித்தான் எல்லாம் தெரிந்தது. பத்து நாளாக என் மகள் ரயிலை விட்டு இறங்கியதும் இவள் பக்கத்தில் வந்து நின்றுகொள்வாளாம். ஏன் என்று இவள் கேட்டிருக்கிறாள், அவள் சொல்லியிருக்கிறாள். அன்றிலிருந்து தினமும் தெருமுனை வரை இவள்தான் கொண்டுபோய் விடுகிறாள். அந்த வியாழக்கிழமை அவன் பிளாட்பாரப் படியிலேயே வழிமறித்து, பதில் சொல்லாமல் போகக் கூடாது என்று மகளின் கையைப் பிடித்திருக்கிறான். இவள் துடைப்பத்தோடு ஓடிப்போய்ச் சத்தம் போட்டு மகளை உள்ளே கூட்டி வந்துவிட்டாள். மகளின் கைபேசியில் சார்ஜ் இல்லை. இவள் தன் கைபேசியைக் கொடுத்தாளாம். ஆனால் என் எண் என் மகளுக்கு மனப்பாடமாகத் தெரியாது.

"வேல முடிஞ்சதும் நானே வூட்டாண்ட வந்து வுடலாம்னு இருந்தேன். அந்த ஆளு இன்னும் போவல. கீழ ப்ளூ சட்டை போட்டுகினு வண்டில ஒக்காந்துகினு கீறான் பாரு."

 ஆன்ட்டி என்று அவன் சொன்னது காதில் கேட்டுக்கொண்டே இருந்தது.

"ஏன்டி என்கிட்ட சொல்லல?" என்றேன். அழுகையில் அது அதட்டலாக வந்தது.

"சொன்னேனேம்மா."

துடைப்பக்காரப் பெண் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "இன்னாம்மா, பொண்ணு சொல்லச்சொல்ல நீ சிரிச்சியாமே?" என்றாள். அதில் கோபம் இல்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். மகளின் பையை எடுத்து என் தோளில் மாட்டிக்கொண்டேன்.

மூவரும் சேர்ந்து இறங்கினோம், அவள் முன்னால், துடைப்பத்தோடு. எங்களைப் பார்த்ததும் அவன் அவசரம் இல்லாமல் வண்டியைக் கிளப்பினான். வண்டி எண்ணைக் குறித்துக்கொள்ள வேண்டும் என்றுகூட எனக்குத் தோன்றவில்லை. அந்தப் பெண் ஏற்கெனவே அதைத் தன் கைபேசியில் படம் எடுத்து வைத்திருந்தாள்.

வீட்டுக்கு நடக்கும்போது, அன்றைக்குச் சிரித்தது தப்புதான், அப்புறமாவது இன்னொரு தடவை சொல்லியிருக்கலாமே என்று கேட்டேன்.  அப்போதுதான் சொன்னாள். அந்தச் செயலியை எனக்கு அமைத்துக் கொடுத்தது அவள்தான், தன் மின்னஞ்சல் முகவரியை வைத்து. நான் போடும் கமெண்டுக்கு வரும் இதயம், பதில் எல்லாம், நான் எழுதியதோடு சேர்ந்து அவளுக்குப் போகும். பொறுமையைப் பற்றி நான் எழுதியதும் போயிருக்கிறது. நான் அதைப் போட்ட அன்றே மாலை ரயிலில், அவன் எதிரே நின்றுகொண்டிருக்கும்போது அதைப் படித்திருக்கிறாள்.

மறுநாள் கணவர் வந்ததும் போய்ப் புகார் கொடுத்தோம். அந்தப் பெண் வேலைக்கு நடுவே வந்து சாட்சி சொன்னாள். அதன் பிறகு அவனை அங்கே பார்க்கவில்லை. பார்க்கவில்லை என்பதே சில நாள் எனக்குப் பயமாக இருக்கிறது. வராதே என்று மகள் சொன்னாலும் ஐந்தரைக்கு அந்தப் படிக்கட்டின் கீழே போய் நிற்கிறேன். நீலச் சட்டையைக் கண்டால் முகத்தை எட்டிப் பார்க்கிறேன். என் எண்ணை அவளை மனப்பாடம் செய்ய வைத்து, நடுநடுவே ஒப்பிக்கச் சொல்கிறேன். அவள் தலையில் அடித்துக்கொண்டு ஒப்பிக்கிறாள்.

செயலியை அன்றே நீக்கிவிட்டேன். ஒரு மாதம் கழித்து மகளே திரும்ப வைத்துக் கொடுத்தாள், இந்த முறை என் மின்னஞ்சலில்.

"படிம்மா. நானும்தான் படிக்கறேன். கதைல அவன் மனசுல என்ன இருக்குன்னு பக்கம் பக்கமா எழுதியிருக்கு. படிக்கட்டுல நிக்கறவன் மனசுல என்ன இருக்குன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

இப்போதும் அந்த நாயகன் மழையில் வந்து நின்றால் என் மனசு இளகத்தான் செய்கிறது, பொய் சொல்லமாட்டேன். ஆனால் மகள் பக்கத்தில் வந்து நின்றால், அவள் சொல்ல வந்தது கல்லூரிக் கதையாகவே இருந்தாலும், கைபேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டு முதலில் அவள் முகத்தைப் பார்க்கிறேன்.