ஹட்டன் துணிக் கிட்டங்கிக்கு வேலை கேட்டுப் போன நாள்

ஹட்டனுக்குப் போகிறவர்கள் ரயிலையும் அருவியையும் பற்றி எழுதுகிறார்கள். நான் முதன்முதலில் போனது வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு. அறுபத்திரண்டாம் வருஷம், ஐப்பசி மழை. துணிக்கடை முதலாளி ஒருவர் புதிதாகக் கிட்டங்கி கட்டியிருந்தார். கொழும்பிலிருந்து வரும் பொதிகளைப் பிரித்து, சேலை, சாரம் என்று வகைபிரித்து, தோட்டத்துக் கடைகளுக்கு அனுப்ப ஐந்து பெண்கள் வேண்டுமாம். தங்க இடமும் உண்டு.

வேலை எனக்கில்லை, பக்கத்துக் காம்பிரா ராக்கம்மாவுக்கு. இரண்டு மாதம் காய்ச்சலில் கிடந்தாள் என்று தோட்டத்தில் பேரை வெட்டிவிட்டார்கள். மாதம் முடிந்தால் குடியிருக்கும் காம்பிராவும் போய்விடும். துணைக்குப் போனேன். ஆசையாகப் போகவில்லை. மூன்று வருஷத்துக்கு முன் கொழுந்து நிறுக்கும் இடத்தில், "செல்லாயி தண்ணி தெளிச்சு நிறை கூட்டுறா" என்று எல்லார் முன்னாலும் என்னைப் பற்றிப் பொய் சொன்னவள் அவள்.

ஐந்து மணிக்குக் கிளம்பி, நாலு மைல் தேயிலைக்குள் நடந்து, பஸ் பிடித்தோம். ஆளுக்கு முப்பது சதம். எட்டரைக்கு ஹட்டன்.

பேர் கொடுத்துவிட்டு வாசலில் நின்றோம். ராக்கம்மாவின் காலில் அட்டை கடித்து ரத்தம் ஒழுகியது.

"இந்தக் காலோட புதுத்துணிக்குள்ள போனா வெரட்டிருவாங்கடி. கழுவிட்டு வாரேன். கூப்பிட்டா கொரல் குடு."

"போ போ, ஒன் கால் அழகப் பாத்துத்தான் வேல குடுக்கப் போறாங்க!"

தோட்டத்தில் காலைப் பெரட்டில், வேலைக்கு ஆள் பிரிக்கப் பேர் கூப்பிடும்போது ஒருத்தி வர லேட்டானால், பக்கத்தில் நிற்பவள் "வருது ஐயா" என்பாள். சண்டைக்காரிக்கும் சொல்வோம்.

முதலாளி வந்து வாசித்தார்.

"ராக்கம்மா! ராக்கம்மா யாரும்மா? வரலையா?"

நான் வாயைத் திறக்கவில்லை. அன்றைக்குச் சொன்ன பொய்க்கு இது போதும் என்று நினைத்தேன். அவர் அடுத்த பேருக்குப் போய்விட்டார்.

அவள் ஈரக்காலோடு ஓடிவந்தாள். "கூப்பிட்டாங்களா?"

"இல்ல."

ஐந்து பேர் உள்ளே போனதும் கதவைச் சாத்தினார்கள். அவள் குனிந்து ஈரக்காலைச் சேலைத் தலைப்பால் துடைத்தாள்.

"காச்சல் மூஞ்சியப் பாத்துட்டுத் தள்ளிட்டாங்க போல. ஒன்னையும் ஒரு நாள் வேலய விட்டு அலைய வச்சிட்டேன்டி."

திரும்பும்போது எனக்கும் அவளே டிக்கெட் எடுத்தாள். நான் வாங்கிக்கொண்டேன்.

மழைக்காலத்தில் போகிறவர்கள் முழங்கால்வரை துணி துவைக்கும் சவுக்காரம் தடவிக்கொள்ளுங்கள், அட்டை ஏறாது. ஹட்டனிலிருந்து நுவரெலியா போய் பஸ் மாறினால் ராகலை. மாத முடிவில் ராக்கம்மா மூட்டையோடு அங்கேதான் அண்ணன் வீட்டுக்குப் போனாள். வழி கேட்கிறவர்களுக்கெல்லாம் சொல்கிறேன். நான் இன்றுவரை அந்த பஸ்ஸில் ஏறவில்லை.