பாகூர் போர்வெல்லில் தொங்கும் கருவியைக் கழற்றப் போன நாள்

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை வில்லியனூருக்கும் பாகூருக்கும் போய் வந்தேன். வழக்கமாக இங்கே ஏரி, கோயில், பேருந்து நேரம் என்று எழுதுவேன். இந்த முறை ஊர் சுற்றப் போகவில்லை. நிறுத்தப்பட்ட ஆராய்ச்சியின் கருவிகளைக் கழற்றி எடுத்துவரச் சொல்லி என்னை அனுப்பினார்கள். இதே வேலைக்குக் கிளம்பப் போகும் ஆய்வு மாணவர்கள் இருப்பீர்கள், உங்களுக்காக எழுதுகிறேன்.

கடலோர நிலத்தடி நீர் எப்படி உப்பாகிறது என்பதுதான் எங்கள் ஆய்வு. செலவில் பாதி நம் அரசு, பாதி பிரான்ஸ் அரசு. இங்கே கிடைக்கும் அளவுகளை அவர்கள் தங்கள் கடற்கரையோடு ஒப்பிடுவார்கள். ஒப்பந்தம் போட்ட அன்று பேனர், சால்வை, விருந்து, குரூப் போட்டோ எல்லாம் உண்டு. இரண்டாம் ஆண்டு நம் பக்கத்துப் பாதி வரவில்லை. பிறகு நான்கு வரிக் கடிதம் வந்தது: நிர்வாகக் காரணங்களால் திட்டம் முடித்துக்கொள்ளப்படுகிறது, கருவிகளை ஒப்படைக்கவும். அந்தக் காரணம் என்ன என்று ஒரு சொல் இல்லை. இந்தப் பக்கம் நின்றால் அந்தப் பக்கமும் நிற்கும் என்பது ஒப்பந்தம். அவர்கள் ஆய்வகத்தில் நான் ஆறு மாதம் வேலை செய்ய வாங்கிய விசா பாஸ்போர்ட்டில் அப்படியே இருக்கிறது.

காலை 7.10க்குப் புதுச்சேரி பேருந்து நிலையத்தில் டவுன் பஸ். வில்லியனூர் பத்து கிலோமீட்டர், பதினைந்து ரூபாய், முப்பத்தைந்து நிமிடம். அங்கே கரும்பு போடும் ராமலிங்கம் அண்ணன் மோட்டார் கொட்டகையைத் திறந்துவிட்டார். அவர் போர்வெல்லில் உப்பை அளக்கத் தொங்கவிட்டிருந்த கருவியை இருபது நிமிடத்தில் கழற்றினேன். "அப்ப அவ்ளோதானா மேடம்?" என்றார். "நிறுத்திட்டாங்கண்ணே" என்றேன். தலையாட்டிவிட்டுக் கொட்டகையைப் பூட்டினார். திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை என்று இருந்தது.

வில்லியனூரிலிருந்து கரிக்கலாம்பாக்கம் வழியாகப் பாகூருக்குச் சுமார் பதினைந்து கிலோமீட்டர். முக்கால் மணி நேரம் நின்றும் பஸ் வராததால் ஆட்டோ பிடித்தேன், 350 ரூபாய். "பாகூர் ஏரி பாக்கவா?" என்றார் ஓட்டுநர். மடியில் இருந்த, இரும்புக் குழாய் போன்ற கருவியைக் காட்டினேன். "இன்னாது இது, குண்டா?" என்று சிரித்தார். அன்று நான் சிரித்தது அந்த ஒரு முறைதான்.

பாகூரில் தனலட்சுமி அக்கா ஒன்றரை ஏக்கரில் நெல் போடுகிறவர். அவர் போர்வெல்லில்தான் எங்கள் இரண்டாவது கருவி தொங்குகிறது. மேலே கம்பத்தில் சின்னத் திரை, அதில் உப்பின் அளவு எண்ணாகத் தெரியும். வாரம் ஒருமுறை அதைக் குறித்துவைக்க ஒரு நோட்டுக் கொடுத்திருந்தோம். திட்டம் நின்றதை யாருமே அவரிடம் சொல்லவில்லை. நானும்தான். முந்தின நாள் திங்கட்கிழமை வரை ஒரு வாரம்கூட விடாமல் எழுதி வைத்திருந்தார்.

"வா வா, இன்னா இத்தினி நாளா ஆளையே காணோம்? அந்த கிளேரு பொண்ணு வர்லியா?" என்றார். எங்களோடு முழங்கால் சேற்றில் இறங்கி நின்ற பிரெஞ்சு ஆய்வாளர் கிளேரை அவர் மறக்கவில்லை.

கடிதத்தைப் பற்றிச் சொன்னேன். நோட்டை என் கையில் திணித்து ஒரு பக்கத்தைப் புரட்டினார். "இத்தப் பாரு. இந்த வாரம் நம்பர் குபுக்குனு ஏறிச்சி. நான் மோட்டார நிறுத்திட்டு ஏரித் தண்ணிக்குக் காத்துக்கினு இருந்தேன். பக்கத்துக் கொல்லையில அதே மாதிரி போர் தண்ணிய வுட்டாங்க, நாத்து மொத்தமும் கருகிப்போச்சி. இத்தக் கழட்டிட்டா அடுத்த தபா எனக்கு யாரு சொல்லுவா? லெட்டர் போட்டாரே, அவரு வந்து சொல்லுவாரா?"

ஸ்பேனர் என் கையில் இருந்தது. கோபம் வந்தது. அவர் மேல் இல்லை. சால்வை போர்த்திக்கொண்டவர்கள் மேல், இத்தனை மாதம் ஒரு போன்கூடச் செய்யாத என் மேல். ஸ்பேனரைப் பைக்குள் போட்டேன். "கழட்டலக்கா. எழுதறத மட்டும் நிறுத்திடாதீங்க" என்றேன். நோட்டின் எல்லாப் பக்கங்களையும் படம் எடுத்துக்கொண்டேன்.

மாலை நான்கு மணிக்கு ஒரு கருவியோடு பல்கலைக்கழகத்தில் எங்கள் துறைக்குத் திரும்பினேன். ஒப்படைப்புப் படிவத்தில் பாகூருக்கு நேராக, "கழற்றவில்லை, விவசாயி பயன்படுத்துகிறார்" என்று எழுதினேன். "கிடைத்தது, கிடைக்கவில்லை, ரெண்டுல ஒண்ணுதான் எழுதணும்" என்றார் எழுத்தர். நான் மாற்றவில்லை. விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது. நான் எழுதிய பதிலின் கீழே என் வழிகாட்டிப் பேராசிரியரும் கையெழுத்திட்டார். அதற்கு இன்னும் பதில் இல்லை. நோட்டின் படங்களை கிளேருக்கு அனுப்பினேன். தன் பக்கத்து அளவுகளை அவர் அன்றே அனுப்பினார். இரண்டு நாட்டு அரசுகளும் கைவிட்ட வேலையை இப்போது மூன்று பெண்கள் செய்துகொண்டிருக்கிறோம். இதைப் பெருமையாகச் சொல்லவில்லை, வெட்கக்கேடு என்றுதான் சொல்கிறேன்.

போகிறவர்களுக்கு: காலை ஒன்பதுக்குள் வயலுக்குப் போய்விடுங்கள், பிறகு வெயில் தாங்காது. தண்ணீர் இரண்டு லிட்டர் வேண்டும். வில்லியனூர் பாகூர் பஸ்ஸை நம்பாதீர்கள். கருவியில் கை வைப்பதற்கு முன் அந்த வீட்டாரிடம் காரணம் சொல்லுங்கள். கடிதத்தில் காரணம் இல்லையென்றால் இல்லை என்றே, முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள். கையெழுத்துப் போட்டவர் அந்த வரப்பில் வந்து நிற்கப் போவதில்லை.