பரீட்சை எழுத விரும்பும் நகரம்

ஆண்டில் ஆறு மாதம் ஒருவர் உண்டு, உறங்கி, உழைக்கும் இடத்தை அவர் வாழும் இடமென்று ஒப்புக்கொள்ள, படித்தவர்களாகிய எங்களுக்கு வேறு என்ன சான்று தேவைப்படுகிறது? பூட்டிய பாடசாலை வாயிலொன்றின் முன்னால் நின்றபோதுதான் இந்தக் கேள்வி எனக்குள் எழுந்தது. அப்போது காலை ஒன்பது மணி பத்து நிமிடம். கேள்வியும் பிந்தித்தான் வந்தது.

சிலாபத்துக்கு அருகே எங்கள் கரையோர ஊரில், ஞாயிறு பூசை முடிந்ததும் கோயில் மண்டபத்தில் நான் ஒரு வகுப்பு நடத்திவந்தேன். இடையில் பள்ளியை விட்ட பெண்களை, பதினோராம் வகுப்பு முடிவில் எழுதும் சாதாரண தரப் பரீட்சைக்குத் தயார்ப்படுத்தும் வகுப்பு. பட்டம் பெற்று, அபிவிருத்தி உத்தியோகத்தராகி, எனக்கென்று ஒரு மேசையும் கதிரையும் கிடைத்த பிறகு, ஊருக்கு நான் செய்ய வேண்டியது ஒன்று இருப்பதாக நம்பினேன். அந்த நம்பிக்கை பொய்யல்ல. அதில் கொஞ்சம் பெருமையும் கலந்திருந்ததை இப்போது மறைக்க விரும்பவில்லை.

வகுப்பில் எல்லோருக்கும் மூத்தவர் ஓர் அக்கா. வயது நாற்பத்து நான்கு. ஒன்பதாம் வகுப்போடு நின்றவர். கணவர் ஒரு முதலாளியின் படகில் கடலுக்குப் போகிறவர். அக்கா அதே முதலாளியிடம் கருவாடு காயவைக்கிறவர். மூன்று வருட முயற்சியில் ஐந்து பாடங்களில் சித்தியடைந்திருந்தார். கணிதம் மட்டுமே மிச்சம். அதுவும் கிடைத்தால் ஆஸ்பத்திரிச் சிற்றூழியர் வேலைக்கு விண்ணப்பிக்கலாம். அந்த வேலைக்கு வயதெல்லை உண்டு. மறு வருடம் அவர் அதைத் தாண்டிவிடுவார் என்பதால், வரப்போகும் பரீட்சைதான் கடைசி.

"என்ன வேலை எண்டாலும் சரி, டீச்சர். கூரைக்குக் கீழ இருக்க வேணும்," என்பார். என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவர், என்னை அப்படித்தான் அழைப்பார்.

விண்ணப்பப் படிவங்கள் எல்லாவற்றையும் நானே நிரப்பினேன். பெண்கள் பிழை விட்டுவிடுவார்கள் என்ற பயம். வீட்டு முகவரியை எழுதி முடித்து, 'பரீட்சை எழுத விரும்பும் நகரம்' என்ற இடத்துக்கு வந்தபோது அக்கா குனிந்து பார்த்தார்.

"அதில கல்பிட்டி எண்டு போடுங்க, டீச்சர். ஒக்டோபர்ல போனா ஏப்ரல் வரைக்கும் நாங்க அங்க வாடியிலதானே."

மீன் படும் காலத்தில் கரைவிட்டுக் கரை பெயர்ந்து, ஓலைக் குடில் அடித்துத் தங்கும் இடத்தை வாடி என்போம். எங்கள் ஊரில் பல வீடுகள் அந்த மாதங்களில் பூட்டிக் கிடக்கும்.

"பரீட்சை மே மாதம்தான் வரும், அக்கா. அதற்குள் நீங்கள் வந்துவிடுவீர்களே."

"ஒருக்கா டிசம்பர் எண்டாங்க, பிறகு மே எண்டாங்க. பரீட்சைய நம்பேலாது, டீச்சர். வாடிய நம்பலாம்."

வகுப்பே சிரித்தது. நானும் சிரித்துக்கொண்டே, வாடி நிரந்தரமான இடமல்ல என்றும், வீட்டு முகவரிக்குப் பொருத்தமான நகரத்தைப் போடுவதே முறை என்றும் விளக்கினேன். படிவம் அப்படி எதையும் கேட்கவில்லை. விரும்பும் நகரம் எது என்று மட்டுமே கேட்டது. எல்லோரும் ஓரிடத்தில் எழுதினால் நான் வாயிலில் நின்று அனுப்பிவைக்கலாம் என்ற ஆசையும் எனக்கு இருந்தது. சிலாபம் என்று எழுதினேன்.

"நீங்க படிச்ச ஆள். எழுதுங்க," என்றார் அக்கா.

பரீட்சை பெப்ரவரியில் என்று அறிவித்தார்கள். நிலையத்தை மாற்றித் தரும்படி எழுதிக் கேட்டேன். அதற்கான காலம் முடிந்துவிட்டது என்று பதில் வந்தது.

ஜனவரியில் ஒரு நாள், இரண்டு பஸ் ஏறி மூன்று மணி நேரத்துக்கு மேல் பயணம் செய்து, கல்பிட்டி வாடிக்குப் போனேன். காயவைக்கும் தட்டிகளில் சாளை மீன் வெயிலில் கிடந்தது. புரட்டிப் போட்டுக்கொண்டே அக்கா கணக்குச் சொன்னார். சதவீதம் அவருக்கு வரவே வராது என்று நான் நினைத்திருந்தேன்.

"நூறு கிலோ பச்சை மீன் போட்டா, முப்பத்தஞ்சு கிலோ கருவாடு வரும். மிச்சம் வெயில் திண்டது. இதைத்தானே இருபது வருசமாச் செய்றேன். இதுக்கும் ஒரு பேர் வெச்சிருக்கிறீங்க."

பக்கத்துத் தட்டியில் நின்ற பெண் என்னைப் பார்த்துச் சொன்னாள்: "நல்லாப் படிப்பிச்சு விடுங்க, மிஸ். இவ ஆஸ்பத்திரிக்குப் போய் எங்களுக்கெல்லாம் ஊசி போடப் போறா."

"ஊசி இல்லடி, கூட்டத்தான் போறேன். உன்னைத்தான் முதல்ல கூட்டித் தள்ளுவேன்."

முதலாளி ஒரு நாள் லீவு கொடுத்தார். இரண்டாம் நாள் கேட்டால் அந்தத் தட்டிக்கு வேறு ஆள் தயாராக இருந்தார். முதல் நாள் பின்னேரம் புறப்படவும் வழியில்லை. பனி விழுமுன் கருவாட்டை அள்ளி மூடி முடிக்க இருட்டிவிடும். அதன் பிறகு அங்கிருந்து பஸ் இல்லை. ஓர் ஓட்டோவை நான் ஏற்பாடு செய்திருக்கலாம். அந்த யோசனை எல்லாம் முடிந்த மறுநாள்தான் எனக்கு வந்தது.

பரீட்சையன்று விபத்து எதுவும் நடக்கவில்லை. அக்கா விடியுமுன் முதல் பஸ்ஸில் ஏறினார். பாலாவிச் சந்தியில் இறங்கி மாறினார். அடுத்த பஸ் வழக்கம்போல ஆட்களைச் சேர்த்துக்கொண்டு ஊர்ந்து வந்தது. பரீட்சை எட்டரைக்குத் தொடங்கியது. அரை மணி நேரத்துக்குப் பிறகு எவரையும் உள்ளே விடக்கூடாது என்பது விதி. ஒன்பது பத்துக்கு அக்கா சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு தெருவில் ஓடி வந்தார்.

வாயிலுக்கு வந்த அதிகாரி மரியாதையாகவே கதைத்தார்.

"நீங்களும் அரசாங்க உத்தியோகத்தர், மிஸ். விதி தெரியும்தானே."

"இவர் கல்பிட்டியிலிருந்து வருகிறார், சேர். விடியுமுன் புறப்பட்டவர்."

அவர் அனுமதி அட்டையை வாங்கிப் பார்த்தார். "விலாசம் இங்கதானே இருக்கு. பத்து நிமிசத் தூரம்." அட்டையை என் கையில் தந்துவிட்டு உள்ளே போனார்.

நான் எழுதிக் கொடுத்த முகவரி அட்டையில் பிழையில்லாமல் அச்சாகியிருந்தது.

மதிலோரம் ஒதுங்கினோம். நான் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தபோது அக்கா முந்திக்கொண்டார். "வாடியில இருப்பேன் எண்டு சொன்னேன்தானே, டீச்சர்." குரலில் கோபம் இல்லை. நான் வாங்கிக் கொடுத்திருந்த கொம்பாஸ் பெட்டியைப் பையிலிருந்து எடுத்து நீட்டினார். "வேற ஆருக்கும் குடுங்க. இப்ப பஸ் கிடைச்சா பின்னேரம் கருவாடு அள்ளப் போயிரலாம். லீவும் மிச்சம்."

அடுத்த பஸ்ஸில் ஏறிப் போய்விட்டார். ஏறும்வரை நான் கூட நின்றேன். அவர் திரும்பிப் பார்க்கவில்லை; இருக்கை பிடிக்க வேண்டியிருந்தது.

இந்தக் கதையை அலுவலகத்தில் சொன்னபோது, வறுமையின் கொடுமை என்றார்கள். அப்படிச் சொல்லி முடித்துக்கொள்வது எனக்கு வசதிதான். ஆனால் அந்த வறுமையோடு ஐந்து பாடங்களில் சித்தியடைந்தவர் அவர். எந்த மாதம் எங்கே இருப்பார் என்பதைத் தெளிவாகச் சொன்னவரும் அவர்தான். அவருடைய வாழ்க்கையை அவரைவிட எனக்கு நன்றாகத் தெரியும் என்று நினைத்தவள் நான் ஒருத்தி. என் பிழைக்கான விலை என் பட்டத்திலோ பதவியிலோ ஒரு துளியும் கழியவில்லை. முழுவதையும் அவரே கொடுத்தார்.

வகுப்பு இப்போதும் நடக்கிறது. விண்ணப்பப் படிவங்களை நான் நிரப்புவதில்லை. பெண்கள் தாங்களே நிரப்புகிறார்கள். நகரம் என்ற இடத்தில் அவர்கள் எழுதுவதை நான் திருத்துவதில்லை. அக்கா வகுப்புக்கு வருவதில்லை. அந்த வேலைக்கான வயதை அவர் கடந்துவிட்டார்; இந்தப் பருவமும் வாடியில் கருவாடு காயவைக்கிறார்.