ஐந்து மூக்குக்கும் சந்தனம்

திருவாடானைக்கு மேற்கே ஒரு கிராமத்துக்கு, 1974-ல் முத்துராமலிங்கத்துக்கு வாக்கப்பட்டு வந்தாள் வெள்ளையம்மாள். வந்த மறுநாளே இரண்டு விஷயம் தெரிந்துபோனது. சாமி அலமாரியில் ஒரு கைத்துப்பாக்கி இருக்கிறது. அதைக் காட்டித்தான் இந்த மனுஷன் ஊரில் பெரிய ஆளாய்த் திரிகிறான்.

பாளையக்காரர் சண்டையில் பாட்டன் வெள்ளைக்காரனிடம் பிடுங்கியது என்று அளப்பான். "அந்தச் சண்டைக்கு அம்பது வருசம் கழிச்சு வந்த சாமான்ல இது?" என்று கேட்ட வாத்தியார், பிறகு அந்தத் தெருப் பக்கமே வரவில்லை. வந்தவர்களுக்கெல்லாம் விளக்கம் வேறு. தோட்டா வருவதற்கு முந்தின காலத்துத் துப்பாக்கி. உருளையில் ஐந்து குழி. முன்பக்கமாக மருந்தைக் கொட்டி, ஈயக்குண்டை வைத்து இடிக்க வேண்டும். ஒவ்வொரு குழிக்கும் பின்னால் ஒரு மூக்கு, அதில் ஊசித் துளை. அடித்தால் பொறி பறக்கும் 'கேப்பு' என்ற சின்னச் செப்பு மூடியை மூக்கில் தொப்பி மாதிரி மாட்டி, சுத்தியைப் பின்னுக்கு இழுத்தால் உருளை ஒரு குழி சுற்றும். விசையை இழுத்தால் சுத்தி கேப்பில் அடிக்கும், பொறி துளை வழியாக மருந்துக்குப் போகும். "தொளை அடைச்சுச்சுன்னா சோலி முடிஞ்சுச்சு" என்பான். காப்பி கொடுக்கப் போன வெள்ளையம்மாள் காதில் அது நன்றாக விழுந்தது.

அவனுக்கு ஆகாதவன் அவள் தம்பி நாகநாதன். இருவர் வயலுக்கும் நடுவே முள்ளுக்காடாய்க் கிடந்த பத்து சென்ட்தான் காரணம். "உந்தம்பிய ஒரு நா சுட்டுப் போட்டுருவேன்" என்பது அந்த வீட்டில் சோற்றுக்கு ஊறுகாய் மாதிரி. கேட்டால், சும்மா பயங்காட்டுறேன் என்பான். அவள் நம்பியதில்லை. ஆயுத பூஜைக்குத் துப்பாக்கிக்குப் பொட்டு வைப்பது அவள் வேலை. வருஷா வருஷம் ஐந்து மூக்கிலும் தீக்குச்சியால் சந்தனத்தைத் திணித்து, மேலே குங்குமம் வைத்துவிடுவாள்.

தேர்தலுக்குத் தேர்தல் ஸ்டேஷனில் ஒப்படைப்பார்கள், போன மாதிரியே திரும்பி வரும். 2009-ல் மட்டும் எந்தப் புண்ணியவானோ துளைகளைக் குத்தி, எண்ணெய் போட்டுப் பளபளவென்று கொடுத்தனுப்பினான்.

அந்த ஆடியில் நாகநாதன் பத்து சென்டில் கருவேலம் வெட்டிக் கரிமூட்டம் போட்டான். முத்துராமலிங்கம் திருப்பாலைக்குடியில் வலைக்குக் கட்டும் ஈயம் வாங்கி வந்து, பழைய அச்சில் குண்டு வார்த்தான். ஐந்து குழியிலும் இடித்து வைத்துவிட்டுக் குளிக்கப் போனான். கேப்பு மாட்டுவதுதான் பாக்கி.

வெள்ளையம்மாள் அவசரமாகச் சந்தனம் உரைத்தாள். காய நேரமில்லை. ஈரச் சந்தனம் பொறியை நிறுத்துமோ நிறுத்தாதோ, ஐந்து மூக்கிலும் தீக்குச்சியால் திணித்தாள். சந்தேகம் வராமலிருக்கக் குழாயிலும் பிடியிலும்கூடப் பொட்டு வைத்தாள்.

வந்து பார்த்தவன் முகம் மலர்ந்தது. "இன்னைக்கித்தான்டி நீ எனக்குப் பொண்டாட்டி" என்றான். கூடப் பிறந்தவனைக் கொல்ல அவள் பொட்டு வைத்து அனுப்புகிறாளாம். அவளுக்கு அவன் மூஞ்சியில் காறித் துப்ப வேண்டும் போலிருந்தது.

அவன் பொட்டின் மேலேயே கேப்புகளை மாட்டிக்கொண்டு கிளம்ப, பின்னாலேயே ஓடினாள். நாகநாதன் மூட்டத்தின் மேல் மண் அள்ளிப் போட்டுக்கொண்டிருந்தான். "ஏலே" என்ற குரலுக்குத் திரும்பியவன் நெஞ்சுக்கு நேராக டப்பென்றது. ஒன்றும் வரவில்லை. முத்துராமலிங்கம் சுத்தியை இழுத்தான், மறுபடி டப். மூன்றாவதும் டப். அதற்குள் நாகநாதன் மண்வெட்டியால் அவன் கையில் ஒரு போடு போட்டான்.

வெள்ளையம்மாள் கீழே விழுந்த துப்பாக்கியையும், சுத்தி அடித்துப் பிளந்த மூன்று கேப்புகளையும் தேடிப் பொறுக்கி முந்தானையில் முடிந்துகொண்டு பஸ் ஏறினாள்.

ஸ்டேஷனுக்குக் கையில் கட்டுப் போட்டுக்கொண்டு வந்து நின்றான் முத்துராமலிங்கம். "மச்சினனச் சும்மா பயங்காட்டுனேன், சார். இவளே அடைச்சு வச்சிருக்கா, பாருங்க."

"நாந்தாய்யா அடைச்சேன்" என்றாள் வெள்ளையம்மாள். "அது அவருக்குத் தெரியாது." முடிச்சை அவிழ்த்து மூன்று கேப்பையும் மேஜையில் வரிசையாக வைத்தாள். "பயங்காட்டுறவரு ஒரு தடவ இழுத்தாப் போதாதாய்யா?"