செம்பருத்திக்குப் புகையிலை

மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் எங்கள் கம்பெனி வாட்ச்மேனுக்கு வெள்ளை மீசை. நடுவில் மட்டும் பீடிக்கறை மஞ்சள். பீடியை விட்ட பிறகும் சட்டைப்பையில் புகையிலை வைத்திருந்தார். தினமும் காலையில் ஓர் இலையை எடுத்து, கண்ணை மூடிக்கொண்டு மோந்து பார்ப்பார். பிறகு அதை வாளித் தண்ணீரில் ஊறவைத்து, வாசல் செம்பருத்திக்குத் தெளிப்பார். மாவுப்பூச்சிக்கு மருந்தாம்.

“பீடியை வுட்டுட்டேன்னீங்க, இது இன்னாண்ணே?” என்று ஒருநாள் கேட்டேன்.

“புகையிலைன்னுதானே பேரு? புகையத்தான் சார் வுட்டேன். இலை இன்னா பண்ணிச்சு?” என்றார்.

நியாயம்தான். சிரித்துக்கொண்டே செடியின் இலைகளைப் புரட்டிப் பார்த்தேன். பளபளவென்று இருந்தன.

“பூச்சியெல்லாம் எப்பவோ போயிடுச்சேண்ணே!”

“வரும் சார், வரும்” என்றார், புகையிலையை மூக்கிலிருந்து எடுக்காமலே.