கேட்காம விட்ட ஒம்பதாவது கேள்வி

எனக்கு வர்ற கோவத்துக்கு முதல்ல அந்த டாக்டரை நல்லா வையணும். அப்புறம் என்னைய.

எங்க வீட்டுக்காரர் லூர்துசாமி, இருபத்தாறு வருசமா வடக்க போசரியில, ஒரு கம்பெனியில லேத்து மிஷின் ஓட்டுதாவ. தூத்துக்குடி ஆளு. ஷிப்டு முடிஞ்சு வந்தா, பாதித் தெருவ வம்புக்கு இழுத்துச் சிரிக்க வச்சிட்டுத்தான் விஷ்ராந்த்வாடியில எங்க வீட்டுப் படியேறுவாவ. அந்த மனுசனுக்கு மூணு மாசமா பேச்சில்ல. தட்டுல சோறு காய்ஞ்சு கெடக்கும். ஞாயித்துக்கிழமை கோயிலுக்குக் கூப்பிட்டா, செவுத்தப் பாத்துக்கிட்டுப் படுத்திருப்பாவ. ஆனா வேலைக்கு மட்டும் ஒருநாள் லீவு போடல.

நான்தான் ஆஸ்பத்திரிக்கு இழுத்துட்டுப் போனேன். அவியளுக்கு இந்தி புரியும், இங்கிலீஷ் வராது. டாக்டர் அவிய மூஞ்சிய நிமிந்துகூடப் பாக்கல. இங்கிலீஷ்ல அச்சடிச்ச தாள எங்கிட்ட நீட்டி, "ஒம்பது கேள்வி. நீங்களே தமிழ்ல கேட்டு டிக் பண்ணுங்க"ன்னு இந்தியில சொல்லிட்டு போனை எடுத்துக்கிட்டாரு. ரெண்டு வாரமா தூக்கம் எப்படி, பசி எப்படி, மனசு எப்படின்னு கேள்வி. 'இல்லவே இல்ல'ன்னா சைபர், 'எப்பவாச்சும்'னா ஒண்ணு, 'பாதி நாளுக்கு மேல'ன்னா ரெண்டு, 'தினமும்'னா மூணு. அவிய எல்லாத்துக்கும் "எப்பவாச்சும்"னாவ. கூட்டினா எட்டு.

"வேலைக்குப் போறாரா?"

"தினமும் போறாவ."

"அப்ப லேசான டிப்ரஷன்தான். காலையில வாக்கிங் போகச் சொல்லுங்க."

என்ன அநியாயம்! லேத்து ஓடிட்டா மனுசன் நல்லாருக்கான்னு அர்த்தமா? இதுக்கா இத்தன வருசம் படிச்சாரு? வாசல் வரைக்கும் வைஞ்சுக்கிட்டே வந்தேன்.

ஆட்டோவுக்கு நிக்கும்போது அவிய கேட்டாவ: "ஏட்டி, ஒம்பதுன்னுதான சொன்னாரு. நீ எட்டுதான கேட்ட?"

ஒம்பதாவது, செத்துப்போயிரலாம்னு தோணுதான்னு கேக்குது. அந்த வார்த்தைய எங்க வீட்டுல யாரும் சொல்லமாட்டோம். சொன்னா பலிச்சிரும்னு எங்கம்மா வாயிலயே போடுவா. அதான் கேக்காமலேயே 'இல்லவே இல்ல'ன்னு நானே டிக் அடிச்சிட்டேன். பாவி நான்! அந்தக் கேள்விக்குத்தான் அவிய காத்துக்கிட்டு உக்காந்திருக்காவ.

கையப் புடிச்சு மறுபடி உள்ள கூட்டிட்டுப் போனேன். வரிசையில நின்னவிய கத்துனாவ. கத்தட்டும். டாக்டர் முன்னாலயே கேட்டேன்: "ஏங்க, செத்துப்போயிரலாம்னு தோணுதா?"

"தினமும்"னாவ.

நான் இந்தியில சொன்னேன். டாக்டர் போனைக் கவுத்து வச்சாரு. "இதுக்கு 'தினமும்'னு சொன்னா, அப்புறம் கூட்டின மார்க்கப் பாக்கக்கூடாது"ன்னு சொல்லி, நாற்காலிய அவியளுக்குப் பக்கத்துல இழுத்துப் போட்டாரு.

அப்பத்தான் அந்த ஆளு எங்க வீட்டுக்காரர் பேரக் கேட்டாரு.